சாரலுக்குப் போனவர்களும் பாலைக்குப் போகிறவர்களும்



சென்ற இதழில் 1981இல் வள்ளியூருக்கு ரயில் வந்த கதையை எழுதியிருந்தேன். இந்த முறை எதை எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, நம் பொதுக்குழுக் கூட்டமே விஷயத்தைக் கையில் கொடுத்துவிட்டது.

கூட்டத்துக்கு வராதவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற ஒன்பது வீட்டுக்காரர்கள் வருஷத்தில் ஐந்தாறு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். பூட்டிக் கிடக்கும் மாதங்களுக்கும் முழு மெயின்டனன்ஸ் கட்டத்தான் வேண்டுமா என்பது கேள்வி. முக்கால் மணி நேரம் ஓடியது. நடுவில் யாரோ, "சீசன் பார்ட்டிகளுக்குத் தனிச் சட்டமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. போன வருஷம் கணவரை இழந்தவர். இந்த வருஷம்தான் முதல்முறையாகத் தனியாக மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சொல் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பருவம் பார்த்து இடம் மாறி வாழ்வது நம் குடியிருப்பில் புதிதாக முளைத்த வழக்கமா? வயதான தம்பதிகள் ஒரு வீட்டைப் பூட்டிவிட்டு இன்னொரு ஊரில் ஒரு பருவம் வாழ்வது எப்போது தொடங்கியது? அதற்கு என்னென்ன தேவைப்பட்டது? நான் வணிகவியல் படித்தவன், வரலாற்று ஆசிரியன் அல்ல. வங்கிக் கவுண்டரில் இருந்தவனுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் புத்திதான் முதலில் வரும். அந்தப் புத்தியோடுதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொஞ்சம் தூரம் போய்விட்டு நம்மூருக்கு வருவோம்.

பி பிளாக்கில் இருக்கும் நண்பர் அரிசோனாவிலுள்ள மேசா என்ற ஊரில் மகளோடு ஒரு குளிர்காலம் இருந்துவிட்டு வந்தார். அங்கே அவர் பார்த்ததை மொட்டை மாடியில் எனக்குச் சொன்னார். நம் ஆம்னி பஸ் அளவு வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை எல்லாம் இருக்கிறது. ஓட்டுகிறவருக்கு எழுபது வயது, பக்கத்தில் வழி சொல்கிற மனைவிக்கு அறுபத்தெட்டு. இதை ஆர்.வி. என்கிறார்கள். மின்னசோட்டா, டகோட்டா, கனடா என்று பனி கொட்டுகிற ஊர்களிலிருந்து ஐப்பசி வாக்கில் கிளம்பி அரிசோனாப் பாலைவனத்துக்கு வருகிறார்கள். பங்குனி முடியத் திரும்புகிறார்கள். இவர்களுக்காகவே தனி வளாகங்கள் இருக்கின்றன. வண்டியை நிறுத்த அளந்து விட்ட இடம், தண்ணீர், மின்சாரம், நீச்சல்குளம், நடன அரங்கம், தச்சுப் பட்டறை, சீட்டாட்ட அறை என்று எல்லாம் உண்டு. பெரும்பாலானவற்றில் 55 வயதுக்குக் கீழே இருந்தால் இடம் கிடையாது. பேரப்பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், தங்கிவிட முடியாது.

"நம்ம ஊர்ல பேரப்பிள்ளைக்காகப் போறோம். அவங்க பேரப்பிள்ளையை விட்டுட்டுப் போறாங்க சார்" என்றார் நண்பர்.

இவர்களுக்கு அங்கே 'பனிப்பறவை' என்று பெயர். அந்தச் சொல்லின் பிறப்பு அவ்வளவு கௌரவமானதல்ல. நூறு வருஷத்துக்கு முன்னால், குளிர்காலத்தில் சோற்றுக்கும் கூரைக்குமாகப் பட்டாளத்தில் சேர்ந்து, வெயில் வந்ததும் நழுவிவிடுகிற ஆளை அப்படிச் சொன்னார்கள். நமக்குப் பறவை என்றால் கூந்தன்குளம்தான். மார்கழி தையில் வந்து இறங்கும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. அந்த ஊர்க்காரர்கள் பறவைகளை 'சீசன் பார்ட்டி' என்று சொல்லிக் கேட்டதில்லை.

அரிசோனாவில் குவார்ட்ஸ்சைட் என்று ஓர் ஊர் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி நிரந்தரக் குடிகள் 2,400 சொச்சம் பேர். நம் பணகுடியின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆனால் தை மாதத்தில் அங்கே போய்ப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டி வீடுகள் நிற்கும். வந்துபோகிறவர்கள் பல லட்சம். ஊரைச் சுற்றியிருக்கும் மத்திய அரசின் தரிசு நிலத்தில் நீண்டநாள் தங்குவதற்கென்று 1983இல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம். நெடுங்காலம் கட்டணம் மொத்தமாக 180 டாலராக இருந்தது, நம் பணத்தில் பதினைந்தாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். அந்த விலைக்கு மண்ணும் ஆகாயமும்தான். தண்ணீரைப் பொதுக் குழாயில் பிடித்து வர வேண்டும், மின்சாரத்துக்கு வண்டி மேலே சோலார் தகடு. அதாவது பணக்காரன்தான் போவான் என்றில்லை. பல பேருக்கு வடக்கே வீட்டைச் சூடாக்க ஆகும் செலவைவிட இது மலிவு.

ஏப்ரல் கடைசியில் அந்த ஊர் வெறிச்சோடிவிடும். வெயில் 45 டிகிரிக்கு மேல் போகும். கடைகளில் பாதி அடைப்பு. சித்திரையில் குற்றாலம் போயிருக்கிறீர்களா? பேரருவிப் பாறை காய்ந்து கிடக்கும், குரங்குகள் மட்டும் யார் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். அதே காட்சிதான்.

அந்தப் பாலைவன ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே பிரமிடு வடிவில் ஒரு கல்லறை, உச்சியில் செம்பு ஒட்டகம். 1850களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகங்களை இறக்குமதி செய்து பார்த்தது. கூட வந்த ஒட்டகக்காரர்களில் ஹாஜி அலி என்பவரும் ஒருவர். உள்நாட்டுப் போர் வந்ததும் திட்டம் குப்பைக்குப் போனது. அவர் அங்கேயே தங்கி 1902இல் இறந்தார். பெயர் வாயில் நுழையாமல் 'ஹை ஜாலி' ஆக்கிவிட்டார்கள். ஒரு பருவத்துக்கு வந்து திரும்ப முடியாமல் போன முதல் ஆள் என்று அவரைச் சொல்லலாம்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது என் மனைவி (ஓய்வுபெற்ற தமிழாசிரியை) ஒரு விஷயம் எடுத்துக் கொடுத்தாள். நம் இலக்கணத்தில் பாலை நிலத்துக்கு உரிய பொருள் பிரிவு. பொருளுக்காகத் தலைவன் பாலை வழியே போவான், தலைவி வீட்டில் இருப்பாள். பாலைக்கு வேனிலோடு பின்பனிக் காலத்தையும் சொல்லியிருக்கிறார்கள். பின்பனி என்றால் மாசியும் பங்குனியும். "அதே மாசியில இந்தக் கிழவனும் கிழவியும் சேந்து பாலைக்குப் போறாங்க, பாத்தீங்களா?" என்றாள். வணிகவியல் படித்தவனுக்கு இது தோன்றியிருக்காது.

இந்த வாழ்க்கை எப்படி வந்தது? அமெரிக்காவிலும் முதலில் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 1919இல் புளோரிடாவின் டாம்பா நகரப் பூங்கா ஒன்றில் மோட்டார் காரும் கூடாரமுமாக வந்தவர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். 'தகர டப்பாப் பயணிகள்' என்று பெயர். கார் முகப்பில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வதுதான் உறுப்பினர் அடையாளம். அவர்கள் கையில் காசிருந்த சிலர். எல்லோருக்கும் கதவைத் திறந்தது ஓய்வூதியம். 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1940 ஜனவரி 31 தேதியிட்ட முதல் மாத ஓய்வூதியக் காசோலை, பனி கொட்டும் வெர்மாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஐடா மே புல்லர் என்ற அம்மையாருக்குப் போனது. வக்கீல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர், கிட்டத்தட்ட நம் ஜாதிதான். தொகை 22 டாலர் 54 சென்ட். அதுவரை அவர் கட்டியிருந்த சந்தா மொத்தம் 24 டாலர் 75 சென்ட். ஆக, இரண்டாவது மாதமே போட்ட முதல் திரும்பிவிட்டது. அம்மையார் நூறு வயது வரை இருந்து, 1975இல் கண்ணை மூடும்போது வாங்கியிருந்தது 22,888 டாலர் 92 சென்ட். லெட்ஜர் பார்த்துப் பழகிய எனக்கு இந்தக் கணக்கைப் படித்தபோது அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தது.

பிறகு 1956இல் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைச் சட்டம். 1960 ஜனவரி 1ஆம் தேதி பீனிக்ஸ் நகருக்குப் பக்கத்தில் டெல் வெப் என்ற கட்டுமானக்காரர் முதியோருக்கென்றே 'சன் சிட்டி'யைத் திறந்தார். மாதிரி வீடுகளைப் பார்க்க மூன்று நாளில் ஒரு லட்சம் பேர் வந்தார்கள். மாதச் சம்பளம் போல வரும் ஓய்வூதியம், நல்ல சாலை, இரண்டும் சேர்ந்ததும் கிழவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

இனி நம் பக்கம் வருகிறேன். இங்கே பருவம் பார்த்து இடம் மாறியது முதலில் ஆட்சியில் இருந்தவர்கள். சிம்லா 1864இலேயே கோடைத் தலைநகர் ஆகிவிட்டது. சென்னை மாகாண அரசு கோடைக்கு உதகைக்கு ஏறியது. திருநெல்வேலிச் சீமை அதிகாரிகளுக்கு அவ்வளவு தூரம் வேண்டியிருக்கவில்லை, குற்றாலம் இருந்தது. கடல் மட்டத்திலிருந்து 500 அடிக்குச் சற்று மேலேதான் இருக்கிறது, மலைவாசஸ்தலம் என்றே சொல்ல முடியாது. ஆனால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று புகுந்து, கேரளத்தில் கொட்டியது போக மிச்சத்தைப் பூந்தூறலாக இங்கே தெளித்துவிட்டுப் போகிறது. அதுதான் சாரல். அதே ஆனி ஆடியில் நமக்கு வருவது ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து மட்டும். காற்றாலைக்காரனுக்கு லாபம், நமக்குக் கண்ணில் மண்.

கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் ஜாதிக்காய், கிராம்பு, லவங்கப்பட்டைத் தோட்டம் போட்டது. ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் 1830களில் வந்து செடிகளைச் சேகரித்தார். ஆங்கிலேய அதிகாரிகள் சாரல் மாதங்களில் பங்களா எடுத்துத் தங்கினார்கள். திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்கும் அங்கே அரண்மனை உண்டு. அது இன்றும் கேரள அரசின் கையில் இருக்கிறது. 1903இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு ரயில் வந்த பிறகுதான் சாதாரண ஜனங்களுக்கும் குற்றாலச் சீசன் கைக்கு எட்டியது. கவனியுங்கள், இங்கே சாலைக்குப் பதிலாக ரயில். ஓய்வூதியம் இன்னும் பெரும்பாலும் அரசு உத்தியோகஸ்தர்களுக்குத்தான்.

அப்படி உத்தியோகம் முடித்துக் குற்றாலத்துக்குப் போனவர்களில் நமக்கெல்லாம் தெரிந்த பெயர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். 1882இல் பிறந்தவர், வக்கீலுக்குப் படித்தவர், சட்டமன்ற மேலவையில் இருந்தவர், அறநிலைய வாரிய ஆணையராக வேலை பார்த்தவர். அது முடிந்ததும், 1930களின் நடுவிலிருந்து, குற்றாலத்தில் குடியேறிவிட்டார். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்கள் உட்கார்ந்து இலக்கியம் பேசியது போல, குற்றாலத்திலும் பேச்சு தொடர்ந்தது. சாரல் தொடங்கினால் வீடு நிறைய ஆட்கள். ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். காலையில் அருவிக் குளியல், பிறகு இலை போட்டுச் சாப்பாடு, அதன் பிறகு கம்பன்.

இப்படி ஒரு வீடு நடக்கவேண்டுமென்றால் அடுக்களையில் எத்தனை பேர் நின்றிருக்க வேண்டும்? டி.கே.சி.யின் பேச்சைப் பற்றி எழுதினவர்கள் அனேகம் பேர். அவர் மனைவி பிச்சம்மாளின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இங்கேதான் அமெரிக்கக் கிழவி கெட்டிக்காரி என்று எனக்குப் படுகிறது. அவள் அந்த வளாகத்துக்கு வந்ததும் முதலில் விடுவது சமையலைத்தானாம். வாரத்தில் பாதி நாள் பொதுக்கூடத்தில் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுகிறார்கள் என்று நண்பர் சொன்னார். (மகளிர் அணி இதைக் கவனிக்க வேண்டுகிறேன். நம் பொதுக்கூடம் பொங்கலுக்கும் பொதுக்குழுவுக்கும் மட்டும்தான் திறக்கிறது.)

டி.கே.சி. 1954 பிப்ரவரியில் குற்றாலத்திலேயே காலமானார். அவர் திரும்பிப் போகவில்லை.

திரும்பி வந்த ஒரு தம்பதியின் கதை நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. இங்கிருந்து ராதாபுரம் வழியாகப் போனால் ஒரு மணி நேரத்துக்குள் இடையன்குடி. போகும்போதே மண் சிவக்க ஆரம்பித்துவிடும். தேரி என்கிறோமே, காற்றில் நகரும் அந்தச் செம்மணல் மேடுதான் நம் மாவட்டத்துப் பாலைவனம். பனை, உடை, கொல்லாமரம் தவிர ஒன்றும் கண்ணில் படாது. அயர்லாந்தில் பிறந்த ராபர்ட் கால்டுவெல் 1841 கடைசியில் அங்கே வந்து சேர்ந்தார். சென்னையிலிருந்து நீலகிரி வழியாகப் பெரும்பாலும் கால்நடையாகவே வந்தவர். வயது 27. 1844இல் எலிசா மால்ட்டைக் கல்யாணம் செய்தார். எலிசா நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவர். தமிழைக் கணவருக்கு முன்னாலேயே வாயில் வைத்திருந்தவர். இடையன்குடியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியதும் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் லண்டனில் வெளிவந்ததும், திராவிட மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்று அது நிறுவியதும் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எனக்கு ஆச்சரியம் வேறு. உடம்பு ஒத்துக்கொள்ளாத மனிதர், தேரி வெயிலில் ஏறத்தாழ நாற்பது வருஷம் எப்படி இருந்தார்? 1847இல் தொடங்கிய ஒரு கோயில் கட்டடத்தை 1880இல்தான் முடித்தார். 33 வருஷம்! நம் லிப்ட் வேலை ஐந்து மாதம் இழுத்ததற்கு நாம் என்ன பேச்சுப் பேசினோம்?

மலையும் அவருக்கு இருந்தது. கொடைக்கானலை 1845இல் ஊராகத் தொடங்கியதே மதுரை அமெரிக்க மிஷன் ஆட்கள்தான். சமவெளியில் காய்ச்சலிலும் காலராவிலும் ஆள் ஆளாகச் சாகிறார்கள் என்று மலையில் இரண்டு பங்களா கட்டினார்கள். மோட்டார் பாதை வரும்வரை பெரியகுளம் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து நடக்க வேண்டும், அல்லது டோலியில் தூக்கிச் செல்ல வேண்டும். நான்கு பேர் தோளில் ஒருவர். அவர்களுடைய ஆர்.வி. அதுதான். சுமந்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் கிடையாது. 1875-76இல் தென்னிந்திய ரயில் மதுரை தாண்டித் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் வந்த பிறகு, நம் சீமைக்காரர்கள் அம்மையநாயக்கனூரில் இறங்கி மலைக்குப் போவது எளிதாயிற்று. இன்று நாம் கொடைரோடு என்கிற நிலையம்.

கால்டுவெல் 1891 ஜனவரியில், 76 வயதில், பொறுப்பை விட்டு ஓய்வு பெற்றார். இருவரும் கொடைக்கானலுக்குப் போனார்கள். நாற்பது வருஷம் தேரியில் வெந்தவர்களுக்கு ஒரு குளிர்ந்த ஓய்வு. எவ்வளவு நாள் கிடைத்தது? ஆகஸ்ட் 28ஆம் தேதி அவர் இறந்துவிட்டார். ஏழு மாதம்.

உடலை மலையிலிருந்து இறக்கி, இத்தனை தூரம் தெற்கே கொண்டுவந்து, அந்தச் செம்மண் ஊரில், அவர் கட்டிய கோயிலுக்குள் அடக்கம் செய்தார்கள். எலிசா இன்னும் எட்டு வருஷம் இருந்தார். 1899இல் அவரும் போனார். அவரையும் இடையன்குடியில்தான் அடக்கினார்கள். அவர்கள் வாழ்ந்த வீட்டை 2011இல் அரசு நினைவு இல்லமாக்கியது. போய்ப் பார்த்திருக்கிறீர்களா? நம் குடியிருப்பிலிருந்து ஒரு வேன் பிடித்தால் காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

அந்த எட்டு வருஷத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. எனக்கு அதுதான் மனசில் நிற்கிறது. சீசன் வாழ்க்கைக்கு ஓய்வூதியம் வேண்டும், சாலையோ ரயிலோ வேண்டும் என்று மேலே சொன்னேன். மூன்றாவதாக இருவராக இருப்பதும் வேண்டும். பாலைவனத்திலும் அப்படித்தான். வண்டியை ஓட்டுகிறவர் படுத்துவிட்டால், அவ்வளவு பெரிய பஸ்ஸைப் பின்னால் எடுக்க அந்த அம்மாவால் முடியுமா? பல பேர் அத்தோடு வண்டியை விற்றுவிட்டு வடக்கே போய்விடுகிறார்கள். சிலர் ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள். தனியாக இருப்பவர்களுக்கென்றே அங்கே ஒரு பயணச் சங்கம் இருக்கிறதாம். ஜோடி சேர்ந்துவிட்டால் உறுப்பினர் பதவி போய்விடுமாம்.

நம் ஊரில் ஒருவர் போன பிறகு மிச்சமிருப்பவர் கையில் என்ன இருக்கிறது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், என் தொழில் அது. 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் முதலாளி மனமிரங்கிப் போடும் கொடை அல்ல, உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தேதியைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். வங்கிகளில் அதன் பிறகும் வெகுநாள் ஓய்வூதியம் கிடையாது, வைப்புநிதியும் பணிக்கொடையும்தான். 1993 அக்டோபர் 29இல் ஒப்பந்தமாகி, 1995இல் விதிகள் வந்தன. நிர்வாகத்தின் வைப்புநிதிப் பங்கை விட்டுக்கொடுத்தால் ஓய்வூதியம். கையில் வருகிற மொத்தத் தொகையை விடுவதா என்று எங்கள் கிளையில் பெரிய வாக்குவாதம். "கையில காசு, வாயில தோசை" என்று ஒரு நண்பர் விருப்பப் படிவத்தைக் கிழித்தே போட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை. மொத்தப் பணம் வந்தால் என் கையில் தங்காது என்று மனைவி சொன்னாள், அவ்வளவுதான். விட்டவர்களுக்கு 2010இல் இன்னொரு வாய்ப்பு வந்தது. அதற்குள் அந்த நண்பர் இல்லை.

குடும்ப ஓய்வூதியம் இன்னும் மோசமாக இருந்தது. வங்கி ஊழியர் இறந்தால் மனைவிக்குக் கிடைப்பதற்கு 9,284 ரூபாய் என்று ஓர் உச்சவரம்பு போட்டு வைத்திருந்தார்கள். கணவன் எவ்வளவு வாங்கினாலும் அதற்கு மேல் கிடையாது. 2021 ஆகஸ்டில்தான் அதை எடுத்து, கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்று ஆக்கினார்கள். கணவனும் மனைவியுமாக இருக்கும்போது திட்டம் போடுகிற நாம் யாரும், 9,284 ரூபாயில் மெயின்டனன்ஸ் கட்டி, மாத்திரை வாங்கி, மகளைப் பார்க்க டிக்கெட்டும் எடுக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. நானும் 2021க்கு முன் போட்டுப் பார்த்ததில்லை, எழுத்தராக இருந்தும்.

இப்போது நம் ஒன்பது வீடுகளைப் பாருங்கள். இவர்கள் போவது பனிக்குப் பயந்தல்ல. பங்குனி சித்திரையில் இங்கே வெயில் ஏறும்போது அங்கே வசந்தம், ஐப்பசியில் அங்கே குளிர் தொடங்கும்போது இங்கே மழை விழுந்து ஊர் பச்சையாகிவிடுகிறது. அதனால் கூந்தன்குளத்துப் பறவை கிளம்பும் காலத்தில் இவர்களும் கிளம்புகிறார்கள். நாளைக்கூட எண்ண வேண்டியிருக்கிறது. பார்வையாளர் விசாவில் வழக்கமாக ஆறு மாதம். கனடாக்காரப் பனிப்பறவைகளும் இப்படித்தான். ஒண்டாரியோ மாநிலத்தார் வருஷத்தில் 212 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் இலவச மருத்துவம் போய்விடும் என்று காலண்டரில் கட்டம் போடுகிறார்கள். ஆனால் அவர்கள் வண்டியில் அவர்கள் ராஜா. நம்மவர்கள் அங்கே மகன் வீட்டு ஓர் அறையில் இருக்கிறார்கள். கார் ஓட்டத் தெரியாது, சனி ஞாயிறுக்காகக் காத்திருக்க வேண்டும். கை வேலைக்கும் குழந்தைக்கும் துணையாகத்தான் பாதிப் பேர் போகிறார்கள். இதைச் சீசன் என்று சொன்னால் அருவி கோபித்துக்கொள்ளும்.

மெயின்டனன்ஸ் விஷயத்தில் என் கருத்து கேட்டால், முழுவதும் கட்டத்தான் வேண்டும். காவலரும் லிப்டும் ஜெனரேட்டரும் அவர்கள் இல்லாதபோதும் அவர்கள் வீட்டையும் சேர்த்துத்தான் காக்கின்றன. அதே காசுக்குச் சங்கமும் ஒரு வேலை செய்ய வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கதவைத் திறந்து, குழாயைத் திருகி, காற்றாடச் செய்துவிட்டு, கையெழுத்துப் போட ஒரு பதிவேடு. ஏ பிளாக்கில் ஆறு மாதம் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் கரையான் ஏறி, கல்யாண ஆல்பம் முழுவதும் போனது உங்களுக்கு நினைவிருக்கும். பதிவேட்டை நான் எழுதுகிறேன், அது எனக்குப் பழகின வேலை. அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துக்கொள்ளும்படி செயலாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்த முன்வரிசை அம்மாவிடம் போய், சிரித்ததற்கு வருத்தம் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சிரிச்சது பரவாயில்ல அண்ணாச்சி. ஏர்போட்டுல அந்த பாரத்தை எழுதத்தான் கை வரல. எப்பவும் அவுகதான் எழுதுவாக" என்றார். அவர் மனம் சரியில்லாமல் சீக்கிரமே திரும்பியவர், அடுத்த வருஷம் போவதா வேண்டாமா என்று தெரியவில்லை என்கிறார்.

எங்கள் வீட்டில் இத்தனை வருஷமாக நடக்கிற வழக்கும் ஒன்று உண்டு. மகன் டல்லாஸில் இருக்கிறான். அவள் ஆறு மாதம் போகலாம் என்கிறாள், நான் ஒரு மாதத்துக்கு மேல் முடியாது என்பேன். இந்தக் கட்டுரைக்காக இடையன்குடிக்கு ஒருமுறை இருவருமாகப் போய்வந்தோம். கோயிலை விட்டு வெளியே வந்து தேரிக் காற்றில் நின்றபோது, "ஏழு மாசந்தானா?" என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

ஆனி பிறந்ததும் பதினைந்து நாளைக்குக் குற்றாலத்தில், ஐந்தருவிச் சாலைப் பக்கம் ஒரு சின்ன வீடு பேசி முன்பணம் கொடுத்திருக்கிறேன். புரட்டாசியில் டல்லாஸ், மூன்று மாதம். பாதிக்குப் பாதி என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒப்பந்தம். குற்றால வீட்டில் இன்னும் ஒரு அறை காலியாக இருக்கிறது, அதில் வந்து இருங்கள் என்று அந்த அம்மாவிடம் என் மனைவி சொல்லியிருக்கிறாள். எங்கள் சாவி கீழ்வீட்டில் இருக்கும். குழாயைத் திறந்துவிட மறக்காதீர்கள்.